சுவரைத் தொடாத தரை

மண்ணூர்
19-11-2006

அன்பு மகன் இளம்பரிதிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் மருமகள் சந்திரலேகாவும் குழந்தை நிலாவும் அந்தக் குளிர் நாட்டில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். கண் கட்டை அவிழ்த்தாகிவிட்டது, புதுக் கண்ணாடியும் வந்துவிட்டது, இதை என் கையாலேயே எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் லைன் சரியில்லை அப்பா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. முழுவதும் படி, மருமகளுக்கும் படித்துக் காட்டு.

ஆபரேஷன் முடிந்ததும் கண்ணில் தூசி படக்கூடாது என்று டாக்டர் சொன்னார். மண்ணூரில் லாரி போகாத நேரம் ஏது, அதனால் குன்றத்தூரில் உன் மாமா மகன் பாபு வீட்டில் நானும் உன் அம்மாவும் கொஞ்ச நாள் இருப்பதென்று ஏற்பாடு. கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன், ஓர் இடத்தில் நிற்காதவன், எனக்குத் தினமும் இளநீர் வெட்டிக் கொடுத்தான். நான் கிளம்புகிறேன் என்று சொல்லும்போதெல்லாம், இன்னா மாமா அவசரம், வூடு எங்கியும் ஓடிப் பூடாது, இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போங்க என்பான். மாமா மேல் இத்தனை பிரியமா என்று நினைத்தேன். வீடு ஓடவில்லை, மாடியில் குடியிருந்தவர்களை ஓட்டிவிட்டான் என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. அது அவன் புத்தி இல்லை, ஸ்வீடனில் உட்கார்ந்துகொண்டு நீ சொல்லிக் கொடுத்த புத்தி.

பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே மாடிக் கொடியில் குடியிருக்கிற பெண்களின் கம்பெனி யூனிஃபார்ம் ஒன்றும் காயவில்லை என்று பார்த்தேன். மேலே ஏறிக் காலை வைத்ததும் டொக் என்றது. என் வீட்டுத் தரை ஒருநாளும் அப்படிச் சத்தம் போட்டதில்லை. சிமெண்டும் சிவப்புக் காவியும் குழைத்து நானே நின்று போட்டுத் தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்த தரை அது. அதன் மேல் வெள்ளை ஃபோம் ஷீட்டை விரித்து, ஒரு மரப் பலகையின் நாக்கை அடுத்த பலகையின் பள்ளத்தில் செருகிச் செருகிக் கோத்து வைத்திருக்கிறார்கள். ஆணி கிடையாது, பசை கிடையாது, கீழே எதோடும் ஒட்டவில்லை. இது ஃப்ளோட்டிங் ஃப்ளோர் மாமா, மிதக்கிற தரை என்றான் பாபு. மிதப்பதற்கு இது வீடா செம்பரம்பாக்கம் ஏரியா என்று கேட்டேன். உன் அம்மாவைக் கேட்டால், நான் இன்னா பண்றது, டிசம்பர்ல பேத்தி வந்து தவழும், வெறுந்தரை சில்லுனு இருக்கும்னு புள்ள ஆசையா கேட்டுச்சி என்கிறாள். நீ தவழ்ந்தது என் மோட்டார் ஷெட்டில், கிரீஸ் படிந்த தரையில். சில்லென்று இருந்ததாக நீ ஒருநாளும் அழுததில்லை.

தரை கிடக்கட்டும். மேலே குடியிருந்த இசக்கியும் தங்கமாரியும் கூட இருந்த இரண்டு பெண்களும் எங்கே என்று கேட்டேன். அதுங்களுக்குக் கம்பெனி ஹாஸ்டலே கிடைச்சிடுச்சி மாமா, நம்ம வூட்ட விட வசதி, சிரிச்சிக்கினேதான் போச்சுங்க என்றான் பாபு. நம்பினேன். இளநீர் வெட்டிக் கொடுத்தவன் வாய்க்கு உடனே பொய் வராது என்று நம்பினேன்.

இசக்கியின் அப்பா வனமாமலை நாங்குநேரிப் பக்கத்திலிருந்து மகளைக் கொண்டுவந்து விட்டபோது நீ இங்கே இல்லை, அதனால் உனக்குத் தெரியாது. ஒரு ஓலைப் பெட்டிக் கருப்பட்டியோடு வந்தார். செல்போன் கம்பெனியில் லைன் வேலை, ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் இரவு ஷிஃப்ட் என்று கேட்டதும் அவருக்கு முகம் சுண்டிவிட்டது. கிளம்பும்போது, பொட்டப் புள்ள ஒண்ணு வாடகைக்கு இருக்குன்னு நெனைக்காதிய அண்ணாச்சி, ஒங்க வீட்டுப் புள்ள இருக்குன்னு நெனச்சுக்கிடுங்க என்றார். நான் இருக்கும்வரை இந்த வீட்டை விட்டு உங்கள் பெண்ணைப் போகச் சொல்ல எவனாலும் முடியாது என்று சொன்னேன். நான் கோயில் குளத்துக்குப் போகிறவன் இல்லை, சத்தியம் கித்தியம் செய்கிறவனும் இல்லை. எனக்கு இருப்பது வாய்ச்சொல் ஒன்றுதான். வாடகையை நான் அனுப்பிவிடுகிறேன் என்று நீ பாபுவிடம் சொன்னாயாம். வாடகைக்காகவா அவர்களை வைத்திருந்தேன்?

உன் தரையின் கதையையும் கேட்டுக்கொள். நாலு பக்கமும் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தார்கள். அதை மூட ஓரத்தில் மரப்பட்டி அடிக்கிற ஆள் பிறகு வருவானாம். அளவு தெரியாமல் அறுத்துவிட்டுப் பூசி மெழுகுகிறார்கள் என்று எனக்குக் கோபம். நான் எவனிடமும் போய்ப் படிக்காமல் மோட்டார் காயில் கட்டக் கற்றவன், ஒரு நூல் இடம் பிசகினாலும் பிரித்துக் கட்டுவேன். பூரான் நுழையட்டும் என்றா விட்டார்கள் என்று வெள்ளைச் சிமெண்டு குழைத்துச் சுற்றிலும் அடைத்துவிட்டேன். உன் அம்மா வெள்ளிக்கிழமை என்றால் கழுவாமல் இருப்பாளா, வாளி வாளியாக ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினாள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு முந்தின வாரம் மேலே போய்ப் பார்த்தால் தரை நடு அறையில் மாட்டின் திமில் போல எழுந்து நிற்கிறது. பாபு பார்த்துவிட்டு, மாமா, உங்க வூட்டுத் தரைக்கும் உங்கள மாரியே வீம்பு என்று சிரிக்கிறான். பலகை கொடுத்த மரக்கடைக்காரர் வந்து, மழைக்காலத்தில் மரம் ஊதும், ஊத இடம் விட வேண்டும் ஐயா, நீங்கள் அடைத்தது தப்பு, அம்மா தண்ணீர் ஊற்றியதும் தப்பு என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுவரைத் தொடக் கூடாது, தண்ணீர் படக் கூடாது என்றால் அதைத் தரை என்று ஏன் சொல்ல வேண்டும், அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டியதுதானே.

சரிசெய்ய வேண்டுமானால் எல்லாவற்றையும் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். பிரித்தார்கள். ஃபோம் ஷீட்டைச் சுருட்டினால் கதவுக்கு உள்பக்கம் இசக்கி போன பொங்கலுக்குப் பெயிண்டில் போட்ட கோலம் அப்படியே இருக்கிறது. வெள்ளையும் மஞ்சளும். போடும்போது என்னிடம் வந்து கேட்டுத்தான் போட்டாள். எனக்குக் கோலத்தில் நம்பிக்கை இல்லை, தரை பாழாகும் என்று முதலில் அதட்டினேன், அப்புறம் போட்டுக்கொள் என்றேன். உங்கள் ஆட்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் மேலே ஷீட்டை விரித்திருக்கிறார்கள்.

பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த நிலையில் தீபாவளி வந்தது. நான் தீபாவளி கொண்டாடுவதில்லை என்று தெரிந்தும் வனமாமலை நல்ல நாள் என்றால் போன் செய்வார். அன்றைக்கும் செய்தார். மழை எப்படி என்று கேட்டார், கண் எப்படி என்று கேட்டார், கடைசியில், எம்மவ நல்லா இருக்காளா அண்ணாச்சி, லீவு கெடைக்கலன்னுட்டா, பலகாரம் ஏதும் சாப்பிட்டாளா என்றார். அந்தப் பெண் வீடு மாறியதையே அப்பாவிடம் சொல்லவில்லை. நல்லா இருக்கா என்று சொன்னேன். எங்கே இருக்கிறாள் என்றே தெரியாமல் சொன்னேன். இத்தனை வயதுக்கு மேல் என் வாயில் அந்தப் பொய்யை வைத்தவன் நீ.

மறுநாள் காலையில் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்று, இறங்கி ஏறுகிற பெண்களிடம் கேட்டேன். வல்லம் வடகால் பக்கம் இருக்கிறார்கள் என்று ஒருத்தி சொன்னாள். ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். ஹாஸ்டலும் இல்லை ஒன்றும் இல்லை. ஒரு காம்பவுண்டுக்குள் ஷீட் போட்ட கொட்டகை, மழை சொட்டுகிற இடத்திலெல்லாம் பாத்திரம். ஒருத்தி ஷிஃப்டுக்குப் போனால் அவள் பாயில் ஷிஃப்ட் முடிந்து வந்தவள் படுக்கிறாள், பாய்க்கு ஓய்வே இல்லை. தங்கமாரிதான் தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பினாள். இசக்கி எழுந்து துப்பட்டாவைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எனக்கு உட்கார இடம் இல்லாமல் வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனீர்கள் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், படி.

"நீங்க போவச் சொன்னியன்னுதான் பாபு அண்ணன் சொன்னாவ. நீங்க சொன்னா அதுல ஏதாவது காரணம் இருக்கும்னு கேக்காம வந்துட்டோம் ஐயா."

என் பெயரைச் சொல்லித்தான் காலி செய்ய வைத்திருக்கிறான். நான் சொல்லவே இல்லையம்மா, கண்ணில் கட்டோடு குன்றத்தூரில் கிடந்தேன் என்றேன். அவள் சிரித்தாள். விடுங்கய்யா, ஒங்க மவன் வரும்போது எடம் வேணும்லா, எங்களுக்குத் தெரியாதா, அப்பாட்ட மட்டும் சொல்லிராதிய, வெசனப்படுவாவ என்றாள். எனக்குச் சமாதானம் சொல்கிறாள். நான் சொல்வதை அவள் நம்பவில்லை, பெரிய மனுஷன் மரியாதைக்குச் சொல்லிச் சமாளிக்கிறேன் என்று நினைக்கிறாள். ஊரில் என்னைப் பிடிவாதக்காரன் என்பார்கள், சண்டைக்காரன் என்பார்கள், சொல் மாறியவன் என்று ஒருத்தரும் நினைத்ததில்லை. அந்த வாளி மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் அப்படி நினைக்கிற ஒரு முகத்தை முதல் தடவையாகப் பார்த்தேன்.

ஆகவே நான் முடிவெடுத்துவிட்டேன், அதை மாற்றச் சொல்லி நீ போன் செய்ய வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை நான்கு பெண்களும் மாடிக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். மூட்டைகளை பாபுவே அவன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து மாடிக்குச் சுமந்தான், நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பலகைகளை வீணாக்கவில்லை. ஊதிப்போனதை ஒதுக்கிவிட்டு மீதியைக் கீழே நாங்கள் படுக்கிற அறையில் போட்டாகிவிட்டது. எதோடும் ஒட்டாத தரை என்பதால் எடுத்துப் போடுவதில் சிரமமே இல்லை, அந்த ஒரு நல்ல குணம் அதற்கு இருக்கிறது. இந்தத் தடவை ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டேன். மரக்கடைக்காரர் சொன்னதற்காக இல்லை, உன் அம்மா கேட்டுக்கொண்டதற்காக. வெள்ளிக்கிழமை ஈரத்துணியால் மட்டும் துடைக்கிறாள், கழுவாத வீட்டில் எப்படி விளக்கேற்றுவது என்று முணுமுணுக்கிறாள். டிசம்பரில் நீங்கள் வந்தால் அந்த அறை உங்களுக்கு, நாங்கள் கூடத்தில் படுத்துக்கொள்கிறோம். என் பேத்தி அதில் தாராளமாகத் தவழட்டும். குழந்தைக்கு மட்டும் கம்பளி கொண்டுவராதே, இங்கே வேர்க்கும். உனக்கு முதுகு வலி என்று அம்மா சொன்னாள், கம்ப்யூட்டர் முன்னால் வளைந்து உட்காராதே, வீட்டில் அரிசி வடித்துச் சாப்பிடு, ரொட்டியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

நீங்கள் மூவரும் நோயில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், உன் பெண் உன்னை நம்பத்தக்கவன் என்று எண்ணி வளர வேண்டும், அதற்கு மேல் எனக்கு வேண்டுதல் தெரியாது. அம்மா குன்றத்தூர் முருகன் கோயில் திருநீறு மடித்து உள்ளே வைத்திருக்கிறாள், அது அவள் பங்கு.

ஒன்றை மறக்காதே. வந்த அன்றே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், நீ மாடிக்குப் போய் இசக்கியிடம் சொல்ல வேண்டும். உங்களைப் போகச் சொன்னது அப்பா இல்லை, நான்தான் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். நானோ பாபுவோ சொன்னால் சமாளிப்பு, நீ சொன்னால்தான் அவள் நம்புவாள். நான் கீழேயே இருப்பேன், கூட வர மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மா. சுப்பன்

பி.கு.: செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போ. கதவைத் தாண்டியதும் கோலம் இருக்கிறது, அதன் மேல் நின்று பேசாதே, ஓரமாக நின்று சொல்.