குப்பைமேனியும் என் மாஸ்டர்ஸும்

4 மார்ச், திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். இங்கே காம்பாரில் மழை இருட்டிக்கொண்டு வந்தது, ஏய்த்துவிட்டுப் போனது. லேப்பில் குப்பைமேனிச் சாறு. கிருமி பரப்பிய தட்டில் சாறு நனைத்த காகித வட்டு வைத்து இன்குபேட்டரில் அடைத்தாயிற்று. சாறு கிருமியைக் கொன்றால் வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் விழும். இதுவரை எந்தச் செடிக்கும் விழவில்லை. இதுவும் கைவிட்டால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிடுவார் என் கைடு டாக்டர் லிம். மாஸ்டர்ஸ் மறுபடி முதலிலிருந்து. உட்கார முடியவில்லை. பாலில்லாத டீ, தே ஓ. மறுபடியும் தே ஓ.

5 மார்ச், செவ்வாய்
வளையம்! பெரிசாக! தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் லிம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "குட் லா, யாழினி. செமினார்ல காட்டு."

செய்ய: ஸ்லைடு. துணி துவைக்க. அம்மாவுக்கு போன். ஊரில், ஆயர் தாவாரில், இலை பறித்துக் காயவைத்துக் கொடுத்தனுப்பியது அம்மாதானே.

சாயங்காலம். போனில் அம்மா: "எனக்குத் தெரியும்லா. அந்தச் செடிய மட்டும் சும்மாவா பறிச்சேன்? நீ அன்னிக்கு அழுதது மனசு கேக்கல. வெள்ளிக்கிழம குளிச்சிட்டு, செடிக்குச் சூடம் காட்டி, இலைய மஞ்சத் தண்ணில ஊறவச்சு, வேண்டிக்கிட்டுல்ல காயப்போட்டேன்."

மஞ்சள் தண்ணீரிலா! மஞ்சளே கிருமியைக் கொல்லுமே. போச்சு. அரைத்த இலைப்பொடி மஞ்சளடித்துத்தான் இருந்தது. காய்ந்த இலை அப்படித்தான் என்று விட்ட மடச்சி நான்.

6 மார்ச், புதன்
தூக்கமில்லை. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. இந்த நினைப்பு வந்ததே அசிங்கமாக இருக்கிறது.
ஹாஸ்டல் பின்னால் குப்பைமேனி மண்டிக் கிடக்கிறது. பறித்தேன். வெறும் தண்ணீரில் கழுவிக் காயவைத்திருக்கிறேன். வெறும் மஞ்சளுக்கும் தனியாக ஒரு தட்டு.
துணி இன்னும் துவைக்கவில்லை.

11 மார்ச், திங்கள்
நல்ல மழை. குப்பைமேனித் தட்டில் ஒன்றுமே இல்லை. மஞ்சள் தட்டில் அதே வளையம்.

டாக்டர் லிம்மிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தட்டைத் தள்ளி வைத்தார். "ஒன் மோர் பிளான்ட். லாஸ்ட்."

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பாவம். ஆனால் போனை எடுத்ததுமே, "அடுத்த செடி எது, சொல்லு. இந்த வாட்டி இன்னும் கூடுதலா மஞ்சள் போட்டு வேண்டிக்கிறேன்" என்கிறாள்! இருப்பது ஒரே ஒரு செடி. எப்படிச் சொல்லாமல் இருப்பது? வளையம் விழுந்தது மஞ்சளால்தான், அது செல்லாது என்று சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அம்மா:

"அப்போ சாமி கேட்டுச்சு. ஒங்க சார்தான் ஒத்துக்கல."