புஷ்பவல்லியைக் கூட்டிவரச் சொன்னாயே

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சிவநேசனுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த ரோட்டர்டாம் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு இனிப்பு நீர் நோய் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனாலும் டீக்கு கண்டன்ஸ்டு பால் ஊற்றாமல் இருக்கமாட்டார். உன் தங்கை ஷாமினி அம்பாங்கில் புது வேலைக்குப் போகிறாள், பாதி ஆயுசு ரயிலிலேயே போகிறது என்று தினமும் புலம்பல். போன வார மழையில் கீழ்மாடி வீடுகளில் தண்ணீர் ஏறிவிட்டது, நாம் மூன்றாவது மாடி என்பதால் தப்பித்தோம். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், நான் அழுதுவிடுவேன், சொல்லவந்தது அப்படியே நின்றுபோகும். அதனால் இதைக் கடைசிவரை படி.

பெட்டாலிங் ஜெயாவில் கண்காட்சி வைக்கிறார்கள், அந்த ஜெர்மனிப் பத்திரிகையில் வந்த என் படங்கள்தான், நுழைந்ததும் எதிர்ச் சுவரில் புஷ்பவல்லி அக்கா படம் ஆள் உயரத்துக்கு இருக்கும், திறப்பு விழாவுக்கு அவங்களைக் கட்டாயம் கூட்டிவாங்கம்மா, படத்துக்குப் பக்கத்தில் நிற்கவைக்கணும் என்று செய்தி அனுப்பியிருந்தாய். நான் வெறும் கட்டைவிரலைப் போட்டு அனுப்பினேன். உண்மை என்னவென்றால் புஷ்பவல்லி இங்கே இல்லை. நம் பிளாக்கில் கீழே அந்த ஒற்றை அறையைக் காலிசெய்துவிட்டுப் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. உனக்குச் சொல்லவேண்டாம் என்று நான்தான் ஷாமினியின் வாயைக் கட்டியிருந்தேன். பத்திரிகையில் பெயர் வந்த சந்தோஷத்தில் இருக்கிறவனை எதற்கு நோகடிக்கவேண்டும் என்று நினைத்தேன்.

போன வருஷம் நீ வந்திருந்தபோது அவள் முதலில் படம் எடுக்க ஒத்துக்கொள்ளவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவள், அப்பா அம்மா கல்யாணத்தையும் பதியவில்லை, இவள் பிறந்ததையும் பதியவில்லை, நாற்பத்து மூன்று வயதாகியும் ஐசி கிடையாது, இந்த நாட்டுக்காரி என்று காட்ட ஒரு அடையாள அட்டை இல்லை. பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் அதைத் தெரிந்துகொண்டுதான் பாத்திரம் கழுவ வைத்திருந்தார்கள். உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு என்னிடம்தான் வந்து கேட்டாள், ஏன்க்கா, மூஞ்சி தெரியாம எடுக்க முடியாதா, சிக்கல் வந்துரும்லா என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா, நம்ம பையன்தானே புஷ்பா, வெள்ளைக்காரன் பார்க்கிற புத்தகம், இங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன். என்மேல் இருந்த மரியாதைக்காக வந்து உட்கார்ந்தாள். கடையின் பின்சந்தில் எண்ணெய் டின்மேல் அவள் உட்கார, நீ காட்டிய இடத்தில் வெயிலை அவள் முகத்துக்குத் திருப்பிவிட வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் நான்தான். அதனால் உன்னை மட்டும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை.

அந்தப் பத்திரிகைப் புத்தகம் வந்த அன்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன். தடிமனான தாள், பக்கம் முழுக்க அவள் ஒருத்தி. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நேராகப் பார்க்கிறாள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். கீழே இங்கிலீஷில் நீ எழுதியிருந்ததை ஷாமினி படித்துச் சொன்னாள், அவளுடைய பார்வை நாட்டைக் கேள்வி கேட்கிறது என்று. எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. அவள் நாட்டைக் கேட்கவில்லையப்பா, நான் பிடித்த வெளிச்சம் கண்ணில் அடித்தது, எப்போ முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேரும் வயதும், பிரிக்பீல்ட்ஸில் சமையலறை வேலை என்றும், எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவள் என்றும் அதே இடத்தில் போட்டிருந்தாய். அவள் போட்டிருந்தது கடை டீ-சட்டை, நெஞ்சில் கடைப் பேர் தெளிவாகத் தெரிந்தது. நான் அதையும் பார்த்தேன், பார்த்தும் மண்டையில் ஏறவில்லை.

பத்திரிகைக்காரர்கள் அதே படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். இங்கே யாரோ அதை எடுத்து, நம் நாட்டில் இன்னும் இப்படியா என்று நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்கள். அது ஆயிரக்கணக்கில் பரவியது. அதன் கீழே ஒருவர், இந்தக் கடையில் நான் சாப்பிட்டிருக்கிறேனே என்று கடையின் பேரையும் சேர்த்துவிட்டார். மூன்றாம் நாள் முதலாளி அவளைக் கூப்பிட்டு, புஷ்பா, நீ நல்ல வேலைக்காரிதான், நாளைக்கு இமிகிரேஷன்காரனுங்க வந்து நின்னா எனக்குத்தான் சம்மன், கொஞ்ச நாள் வராத என்று அனுப்பிவிட்டார். பதினொரு வருஷம் அங்கே நின்றவள். அறை கொடுத்தவரும் அந்த வாரமே, எனக்கும் குடும்பம் இருக்கும்மா என்றுவிட்டார். அவள் மாடி ஏறி வந்து நம் வாசலில் நின்றாள், உள்ளே வா என்றதற்கு வரவில்லை. திட்டவும் இல்லை, சிவா. சாவிய வீட்டுக்காரர்கிட்ட குடுத்துருங்கக்கா என்று என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். எங்கே போகிறாய் என்றுகூட நான் கேட்கவில்லை. கேட்டால் நம் வீட்டில் தங்கு என்று சொல்லவேண்டி வரும், அப்பாவும் உள்ளே இருந்தபடி பேசாதே என்று கண்ணைக் காட்டினார். அவ்வளவுதான் நாங்கள்.

உன் செய்தி வந்தபிறகு என்னால் சும்மா இருக்கமுடியவில்லை. கடைக்குப் போய் அங்கே காய் வெட்டும் ரமணியிடம் விசாரித்தேன், கேரி தீவில் எஸ்டேட்டில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். போன ஞாயிறு அப்பா காடியை ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனேன். புஷ்பா குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சுற்று இளைத்துவிட்டாள். செம்பனை மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறாளாம், விரல் நுனியெல்லாம் கீறல். கூலி அக்கா புருஷன் பேரில்தான் வரும், அவர் கொடுப்பதுதான் இவளுக்கு. எங்களைப் பார்த்ததும் ஓடிப்போய் நாற்காலி எடுத்துவந்து போட்டாள், அதுதான் எனக்கு அடித்த மாதிரி இருந்தது. கண்காட்சியைச் சொன்னேன், எப்படிச் சொன்னேனோ தெரியவில்லை. அவள் சிரித்து, பாலம் தாண்டுனா ரோட் பிளாக்ல போலீஸ் நிப்பானுங்கக்கா, நா எங்க வர்றது, படம் இருக்குல்ல, அதையே பாத்துக்கச் சொல்லுங்க என்றாள்.

பிறகு, அந்த புக்கு இருக்காக்கா, நா இன்னும் பாக்கலையே என்றாள். நான் வெட்கத்தில் செத்தேன். ஊரெல்லாம் காட்டினேன், அவளுக்குக் காட்டவில்லை. பையில் கொண்டுபோயிருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். கையைக் கைலியில் இரண்டு தடவை துடைத்துவிட்டு வாங்கினாள். படத்தை அதிகம் பார்க்கவில்லை, கெழவியாயிட்டேன் என்று மட்டும் சொன்னாள். கீழே இருந்த எழுத்தைக் காட்டி இதில் என் பேர் எது என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன், வயது, ஊர் எல்லாம் இருக்கிறது என்றேன். ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். என் பேரு அச்சுல வந்தது இதான்க்கா மொதத் தடவ என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, பேரு, வயசு, இந்த நாட்டுலதான் இருக்கேன்னு எல்லாம் போட்டிருக்குல்ல, பதிவு ஆபீஸ்ல இதக் கொண்டுபோய்க் காட்டுனா ஐசி குடுப்பாங்களா, தம்பி படிச்சவரு, அவரக் கேட்டுச் சொல்லுங்கக்கா என்றாள். எனக்குப் பதில் தெரியும். உனக்கும் தெரியும். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். இதோ கேட்டுவிட்டேன்.

கண்காட்சிக்கு நான் வரமாட்டேன், கோபம் இல்லை, அந்தச் சுவருக்கு முன்னால் என்னால் நிற்கமுடியாது. படத்தை வைப்பதும் எடுப்பதும் உன் முடிவு, எடுத்தாலும் அவளுக்கு அந்த வேலை திரும்பி வராது என்றும் தெரியும். நீ நேரத்துக்குச் சாப்பிடு, வெளியே போனால் காதை மூடிக்கொள். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்கவேண்டும், அம்மா வேறென்ன வேண்டப்போகிறேன். மறக்காமல் பதில் எழுது, எனக்கு இல்லை, அவளுக்கு. அக்கா வீட்டு விலாசம் பின்பக்கம் இருக்கிறது. தமிழில் எழுது, பெரிய எழுத்தாக.

என்றும் உன் நன்மையை வேண்டும்,
அம்மா சீதாலெட்சுமி