பரிசலோட்டியின் பயம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பெனிட்டா எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? பென்னாகரத்தில் நான் நலம்.

கவுன்சிலர் பயிற்சி நன்றாகப் போகிறது. போன வாரம் ஒரு பரிசலோட்டி வந்தார், பெயர் சொல்லக்கூடாது. “தண்ணியில எறங்கவே பயமா இருக்குங்க” என்றார். “பயப்படாதீங்க” என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அதோடு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

எங்கள் பயிற்சியை மேற்பார்வையிடும் நிர்மலாதேவி மேடம் பிறகு கேட்டார்: “‘பயப்படாதீங்க’ன்னு அவருகிட்டயா சொன்னீங்க, இல்ல வேற யாருகிட்டயாவதா? உங்க வூட்டுல யாரு தண்ணிக்குப் போறாங்க?” நீங்கள் கடலுக்குப் போவதைச் சொன்னேன்.

நேற்று பரிசலோட்டி மறுபடி வந்தார். “அந்தப் பயம் எப்படி இருக்கும், சொல்லுங்கண்ணா” என்று கேட்டேன். வெகுநேரம் பேசினார்.

காற்று பலமாக இருக்கும் நாட்களில் கரையேறியதும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். கருவாட்டை பார்சலில் அனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள். ஆலோசனைக்கு அடுத்த ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
பெனிட்டா