இருபத்தெட்டு நாள் ஊசி

மார்ச் 4, திங்கள்

பால் மறந்த எட்டுப் பன்றிக்குட்டிகளுக்கும் ஊசி போட்டாயிற்று. கால்நடை ஆபீஸிலிருந்து லாத்து வந்தான். நாலுக்குக் காதில் சிவப்பு வில்லை, நாலுக்கு நீலம். ஒரு நிறத்துக்கு நோயைத் தாங்கும் சக்தி கூட்டுகிற புது மருந்து. மற்றதற்கு வெறும் உப்புத் தண்ணீர். எது எதற்கு என்று அவனுக்கே தெரியாதாம். ஆபீஸில் ஒட்டி வைத்த உறைக்குள் இருக்கிறதாம்.

"தெரிஞ்சா நீங்க மருந்துக் குட்டிக்கு ரெண்டு கை தேங்கா கூடப் போடுவீங்க, பாட்டி" என்றான். போடுவேன்தான்.

இருபத்தெட்டு நாளைக்கு எதையும் அறுக்கக்கூடாது. இறைச்சியில் அந்த மருந்து எவ்வளவு நாள் தங்கும், தின்றால் என்ன செய்யும் என்று இன்னும் சரியாகத் தெரியாதாம். ஏப்ரல் ஒன்றுவரை. குட்டிகள் தின்றது, பேண்டது, படுத்தது எல்லாம் எழுத இந்த நோட்டைக் கொடுத்தான். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதுவேன்.

என் வீட்டுக்காரர் கெலேபி படுக்கையிலிருந்தே சிரித்தார். கால் புண் மூன்று மாதமாக ஆறவில்லை. "புருஷனுக்கு இல்லாத புது ஊசி பன்னிக்கு."

மார்ச் 6

நீலத்தில் இரண்டு தீனி தொடவில்லை. ஊசி போட்ட இடம் எலுமிச்சை அளவு வீங்கிச் சூடாக இருக்கிறது. சிவப்பிலும் ஒன்று படுத்தே கிடக்கிறது. தாயைப் பிரித்ததாலா, மருந்தாலா?

மார்ச் 11

வீக்கம் வடிந்துவிட்டது. எல்லாம் தின்கின்றன. சிவப்பில் ஒன்றுக்குக் கழிச்சல். போன வருடம் இதே வாரம் கழிச்சலில் ஐந்து போயின.

மார்ச் 14, வியாழன்

காலையில் கெலேபி போய்விட்டார். குட்டிகளுக்கு மரவள்ளி போட்டேன்.

மார்ச் 16, சனி

அடக்கம் முடிந்தது.

அவருடைய அக்கா லுசெயானே தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என் பிள்ளைகளுக்கு அத்தை. அத்தை கேட்டால் இல்லை என்ற சொல் எங்கள் தீவில் கிடையாது. சாவு வீட்டில் எல்லாம் அவள் சொல்வதுதான். பெண்டாட்டி நான் தலைவிரித்து, கிழிந்த பாயை மார்புவரை சுற்றிக்கொண்டு அடுப்படியில் இருக்க வேண்டும். இருந்தேன்.

பெரிய புயல் அடித்த வருடம், என் அம்மாவை மூட நான் ஏழு மாதம் பின்னிய பாயை இவள்தான் தன் மகள் கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். அன்று வியாழக்கிழமை. அம்மாவை இரவல் பாயில் புதைத்தோம்.

இன்று நேராகத் தொழுவத்துக்குப் போனாள். "அந்தச் சிவப்புக் காது நாலையும் பிடிங்கடா. சுடுறதுக்குச் சரியான அளவு."

"மதினி, அதுக்கு ஊசி—"

"என் தம்பிக்கு நாலு குட்டி குடுக்க மனசு வரலையா உனக்கு? இன்னிக்கு நீ வாயத் திறக்கக்கூடாது."

மூடிக்கொண்டேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அறுக்கும்போது சொல்லியிருக்கலாம். சுட்ட குட்டியைக் கூடையில் வைத்து அனுப்பியதே நான்தான். காதில் வில்லை கருகி ஒட்டியிருந்தது. அப்போதும் சொல்லவில்லை. அவள் தின்றாள். பாதிரியார் தின்றார். ஊரே தின்றது.

என் மகள் பிசிலா காதில் மட்டும் சொன்னேன் — நீ தின்னாதே என்று.

அழுகை வரவில்லை. வராததை எல்லோரும் பார்த்தார்கள்.

மார்ச் 18

லுசெயானேக்கு வாந்தி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

மார்ச் 19

இன்னும் வீட்டுக்கு வரவில்லை. நான்தானா? குட்டி நான்கும் நன்றாகத் தின்கின்றன. கெலேபியின் கட்டிலைப் பிரித்து வைத்தேன்.

மார்ச் 20, புதன்

எடை போட லாத்து வந்தான். "மிச்சம் நாலு எங்க, பாட்டி?"

"தின்னுட்டோம்."

யார் யார் தின்றது என்று கேட்டான். ஊர் முழுக்க என்றேன். ஆபீஸுக்குப் போன் போட்டு உறையைப் பிரிக்கச் சொன்னான். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சிவப்புக்கு உப்புத் தண்ணீர்.

ஊருக்கு ஒன்றும் ஆகாது என்று அவன் வேலியில் சாய்ந்தான். மருந்தும் தண்ணீரும் போட்டதை ஒப்பிட இனி வழியில்லை, இந்த வீட்டுச் சோதனை வீண் என்றான். பிறகு, "போகட்டும், சாவு வீட்டுக் குழப்பத்துல மறந்திருப்பீங்க" என்றான்.

"மறக்கல" என்றேன். அவன் நீலக் குட்டிகளை எடை போடத் தொடங்கினான்.

சாயங்காலம் பிசிலா வந்து சொன்னாள். அத்தை ஆறிப்போன கறியை இரண்டு நாள் வைத்துத் தின்றாளாம், அதுதான் வாந்தியாம். வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நிம்மதியாக இருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. உப்புத் தண்ணீர் என்று எனக்குத் தெரியாதே. மருந்து என்றே நினைத்துத்தானே கூடையை அனுப்பினேன்.

மார்ச் 26

அடக்கத்துக்குப் பத்தாம் நாள், துக்கம் காக்கும் பெண்களுக்கு முடி வெட்டு. அத்தைதான் வெட்ட வேண்டும். என் முறை வந்தது. பின்னால் கத்தரிக்கோல் சத்தம்.

"மதினி, அந்தக் குட்டிங்களத் திங்கக்கூடாதுன்னு அன்னிக்கு எனக்குத் தெரியும். பிசிலாவ மட்டும் தின்னாதேன்னு சொன்னேன். கடைசில அதுல மருந்து இல்ல. ஆனா அன்னிக்கு இருக்குன்னுதான் நெனச்சேன்."

சத்தம் நின்றது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"வாயத் திறக்காதேன்னீங்க."

"ஒரு தடவதானடி சொன்னேன்."

காதுக்கு மேல்வரை ஒட்ட வெட்டிவிட்டாள். கழுத்து குளிர்கிறது.

ஏப்ரல் 3, புதன்

நீலம் நான்கும் கொழுத்துவிட்டன. ஒன்றுக்கும் கழிச்சல் இல்லை.

லுசெயானே வந்தாள். பேரனுக்கு முதல் பிறந்தநாளாம். இன்று தொழுவத்துக்குள் போகவில்லை. வேலிக்கு வெளியே நின்று குட்டிகளையே பார்த்தாள்.

"இதைத் திங்கலாமா?"

"முப்பது நாள் ஆச்சு மதினி. திங்கலாம். லாத்துகிட்டயும் கேட்டுட்டேன்."

"ரெண்டு வேணும்."

நல்லதாக இரண்டு பிடித்து நானே கால் கட்டினேன். வண்டியில் ஏற்றியபிறகும் அவள் கிளம்பவில்லை.

"சனிக்கிழமை நீயும் வரணும். மொதத் துண்டு நீ திங்கணும். என் கண்ணு முன்னாடி."

முதல் துண்டு எப்போதும் அவளுக்குத்தான்.

"சரி, மதினி" என்றேன்.