விராலடிப்பானைக் காண உகந்த இடம்

சட்டைக் கையில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன், கறையும் போகவில்லை, வாசனையும் போகவில்லை. உன் பெயரை எழுதிய பெயிண்ட் இது. காலையில் ஏரிக்கரையில் பறவை பார்க்கக் கட்டியிருக்கும் கோபுரத்தின் மேல்தட்டில், பலகைமேல் முன்கையை ஊன்றி நின்றுவிட்டேன். திறப்பு விழா முடிந்து நாலு நாள் ஆகிறதே, காய்ந்திருக்கும் என்று நம்பினேன். இவர்கள் செய்யும் காரியத்தில் பெயிண்ட்கூட ஒழுங்காகக் காய்வதில்லை.

பலகையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ‘விராலடிப்பானைக் காண உகந்த இடம்: இக்கோபுரம். உகந்த காலம்: ஐப்பசி முதல் மாசி வரை.’ அதன் கீழே ‘நினைவாக’ என்று போட்டு உள்ளங்கை அகல எழுத்தில் உன் பெயர். நடுவில் ஒரு பறவையின் படம். வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செங்கல் நிற முதுகும் வயிறும். செம்பருந்து. கோயில் குளத்துக்கு மேல் வருஷம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறதே, ஊரார் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்களே, அதே செம்பருந்து. மீன் பிடிக்கும் விராலடிப்பான் வேறு, இந்தப் பருந்து வேறு என்று சொல்லியே பாதி ஆயுளைக் கழித்த உனக்கு, அதன் படத்தைப் போட்டு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள்.

நீ யாரிடம்தான் சொல்லவில்லை? உன் மருந்துக்கடைக்கு வந்தவர்களில் மாத்திரையோடு மட்டும் திரும்பிப் போனவர்கள் குறைவு. “மழை விட்டு ஏரித் தண்ணி தெளியட்டும். பனி வெலகினதுக்கு அப்புறம் போங்க. தண்ணிக்குள்ள மீன் தெரிஞ்சாத்தான் அது எறங்கும்” என்பாய். மேலே பழுப்பு, அடியில் வெள்ளை, கண்ணை மறைத்துக் கட்டிய கறுப்புத் துணிபோல் ஒரு பட்டை. அந்தரத்தில் சிறகடித்து நின்று, காலை முன்னால் நீட்டித் தண்ணீரில் விழும் என்று மேசைக்குப் பின்னால் நின்று கையால் நடித்துக் காட்டுவாய். “தலவலிக்கு மாத்திர கேட்டா பருந்தப் பாக்கச் சொல்றாரு இந்த மனுசன்” என்று ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே போனது எனக்கு இன்னும் கேட்கிறது. அவளும் அடுத்த வாரம் பேரப்பிள்ளைகளோடு கரையில் வந்து நின்றாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. முத்துப்பேட்டைக் காயலுக்குப் போனாலும் விராலடிப்பானைப் பார்க்கலாம், கோடியக்கரைப் பக்கமும் பார்க்கலாம். ஆனால் படகும் வேண்டாம், பயணமும் வேண்டாம், சைக்கிளை நிறுத்திவிட்டு நின்ற இடத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது நம் ஏரியில் மட்டும்தான். அதற்குக் காரணம் தண்ணீருக்கு நடுவே பட்டுப்போய் நின்ற ஒற்றைக் கருவேல மரம். பிடித்த மீனை அது அங்கே கொண்டுபோய்த்தான் தின்னும். ஊருக்கெல்லாம் சொல்லாதே, ஒருநாள் கேமராவோடு வந்து குடியேறிவிடுவார்கள் என்று நான் சொன்னேனா இல்லையா? “யாருடா வரப்போறா? வந்தா நல்லதுதானே” என்றாய். உன் நல்லெண்ணத்தின்மேல் எனக்கு அன்றும் கோபம், இன்றும் கோபம். நான் பாடம் நடத்திய கல்லூரியில் என்னைத் தாண்டி முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவனை நான் மறக்கவில்லை என்று சொன்னபோது, “உனக்கு மறதிக்கு ஒரு மாத்திர வேணும்டா, நம்ம கடையில ஸ்டாக் இல்ல” என்றாய். இப்போதும் அந்த மாத்திரை எங்கும் கிடைக்கவில்லை.

அந்தக் கும்பாபிஷேகம் நினைவிருக்கிறதா? தை மாதம், அறுவடை பாதி முடிந்த சமயம். கரையோரக் கோயிலில் கலசத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது, கருடன் வரவில்லை. மைக்கில் பேசியவர் தொண்டை கட்டும்வரை சமாளித்துக்கொண்டிருந்தார். கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தபடி நின்றது. அப்போது ஏரிப் பக்கமிருந்து நம் விராலடிப்பான் வந்தது. காலில் மீன். கோபுரத்தை ஒரு சுற்று சுற்றியது. கூட்டம் கைகூப்பியது. காலில் என்னமோ தொங்குகிறதே என்று ஒருவர் கேட்டார். “பாம்புய்யா. கருடன் கால்ல வேற என்னத்தக் கொண்டாரும்?” என்றார் இன்னொருவர்.

அது கருடனுமில்லை, அவர் பாம்பு என்றது பாம்புமில்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். நீ என் முழங்கைக்குக் கீழே இறுக்கிப் பிடித்தாய். “வாயத் தொறக்காத. கும்பிட்டுட்டுப் போகட்டும்” என்றாய். எனக்கு எரிச்சல் வந்தது. படித்தவன் பேசாமல் நிற்கலாமா என்று வீடுவரை உன்னோடு சண்டை பிடித்தேன்.

மறுநாளே ஊரார் படகில் போய்க் கருவேல மரத்தில் மஞ்சள் துணி கட்டிவிட்டு வந்தார்கள். கோயிலைச் சுற்றிய கருடன் போய் உட்கார்ந்த மரம். அந்த வருஷம் ஏரி விறகை ஏலம் எடுத்தவன் மற்ற மரங்களையெல்லாம் வெட்டினான், அதை மட்டும் தொடவில்லை. “உன் பாடத்தால ஆகாதத இவங்க கும்பிடு பண்ணிடுச்சு பாத்தியா” என்று நீ கடைவாசலில் நின்று சிரித்தாய்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. நெஞ்சு வலிக்கு ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்தவன், உனக்கு வந்த வலியை வாய்வு என்று நினைத்துப் படுத்துவிட்டாய். உன் காரியம் முடிந்த கையோடு ஒரு பறவை மன்றம் முளைத்தது. நீ இருந்தபோது ஒருநாள்கூடக் கரைக்கு வராதவர்கள் உனக்கு நினைவுச் சின்னம் வைக்கக் கிளம்பினார்கள். பறவை பார்க்க ஒரு இரும்புக் கோபுரம். கோடையில் ஏரி வறண்டு கிடந்தபோது பொக்லைனை உள்ளே இறக்கி, முதல் வேலையாக அந்தக் கருவேல மரத்தைச் சாய்த்தார்கள். மஞ்சள் துணி சேற்றில் கிடந்தது. ஊராரும் தடுக்கவில்லை. கோடையில் கருடன் அங்கே உட்காரக் காணோம், இனி வராது என்று நினைத்துக்கொண்டார்கள். அது வடக்கே போயிருக்கிறது, மழைக்குத் திரும்பும் என்று சொல்ல நீ இல்லை.

நான் ஓடினேன். மன்றத்துச் செயலாளர் நிதானமாகச் சொன்னார்: “டவர்ல இருந்து பாத்தா அந்த மொட்ட மரம்தான் சார் குறுக்க நிக்கும். போட்டோவுல அசிங்கமா விழும்.”

பறவையைப் பார்ப்பதற்குக் கோபுரம், கோபுரத்துக்காகப் பறவையின் மரத்தை வெட்டு. இதை நான் எந்த வகுப்பில், யாருக்கு, எந்தப் பாடமாக நடத்துவது?

திறப்பு விழாவுக்கு உன் மனைவிதான் ரிப்பன் வெட்டியது. பலகையின் திரை விலகியதும் தங்கச்சி முதலில் உன் பெயரைத் தொட்டது, பிறகு படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. “அவரு பேர இவ்வளவு பெருசா எங்கயும் எழுதினதில்லண்ணே” என்றது. அப்போது படம் தப்பு என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் சும்மா விடுவதாகவும் இல்லை. நாலு நாளாக மனதில் வாசகங்களைக் கோத்துக்கொண்டு, இன்று காலை செயலாளரைக் கோபுரத்துக்கு வரச்சொல்லியிருந்தேன். உன் பெயருக்கு மேல் பொய் நிற்கக் கூடாது.

அவர் வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன். பனி விலகிக்கொண்டிருந்தது. அப்போது வந்தது. இந்தப் பருவத்தில் நான் அதைப் பார்த்தது அதுதான் முதல்முறை. அந்தரத்தில் நின்றது, விழுந்தது, மீனோடு எழுந்து உடம்பை உதறிக்கொண்டது. நேராகக் கருவேல மரம் நின்ற இடத்துக்குப் பறந்தது. அங்கே ஒன்றுமில்லை. வெறும் தண்ணீருக்கு மேல் சுற்றியது, மறுபடி சுற்றியது. மீன் காலில் துடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பலகைமேல் நான் கையை ஊன்றியது அப்போதுதான்.

பிறகு அது தெற்கே திரும்பியது. ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் ஓரம், ஆள் போகாத கோரைக்கு நடுவில், புயலில் தலை முறிந்த ஒரு பனை நிற்கிறது. அதன் உச்சியில் இறங்கித் தின்ன ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் முழங்கை நீளக் கேமராவோடு படியேறி வந்தார். “படம் மாறிப்போச்சுன்னு ஒருத்தர் போன்ல சொன்னாரு சார். நீங்கதான் சரியாச் சொல்லணும். சரியான படம் எது, இப்ப அது எங்க உக்காருது, ரெண்டையும் சொல்லிட்டீங்கன்னா நாளைக்கே மாத்திடறோம். கிட்டக்கயே ஒரு பாதை போட்டுடலாம்” என்றார்.

நான் கோத்துவைத்த வாசகங்கள் எல்லாம் தொண்டைவரை வந்தன. இடத்தைச் சொல்லாமல் படத்தை மட்டுமாவது மாற்றச் சொல்லலாமா என்று யோசித்தேன். சரியான படத்தைப் பார்த்தவன் சரியான பறவையைத் தேடுவான். கோபுரத்திலிருந்து கிடைக்காவிட்டால் கரையோடு நடப்பான். எப்படியும் பனைக்கு வந்து சேருவான். அப்புறம் பாதை, அப்புறம் பொக்லைன். செம்பருந்தைப் பார்த்துத் திருப்தியாக வீட்டுக்குப் போகிறவரைக்கும்தான் அந்தப் பனை நிற்கும்.

“படம் சரியாத்தான் இருக்கு. இடமும் இதுதான்” என்றேன்.

கோயில் பக்கமிருந்து ஒரு செம்பருந்து வந்தது. அதோ வருகிறது என்று நானே காட்டினேன். பறவை மன்றத்துச் செயலாளர் அதைப் படமெடுத்தார். எடுத்து முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

உன் பெயர் இனி தப்பான பறவைக்குக் கீழேதான் இருக்கும். தங்கச்சி சந்தோஷமாக இருக்கிறது, ஊரும் சந்தோஷமாக இருக்கிறது. உண்மை தெரிந்த ஒருவனைப் பொய் சாட்சி சொல்ல வைத்துவிட்டார்களே, அதற்கும் சேர்த்து இவர்கள்மேல் எனக்கு வஞ்சம் இருக்கிறது. உன்மேலும்தான். அன்று கூட்டத்தில் நீ இறுக்கிப் பிடித்த பிடி இன்று கோபுரத்தில் நின்றபோது கையில் அப்படியே தெரிந்தது. பெயிண்ட் ஒட்டியிருப்பதும் அதே இடத்தில்தான்.