அப்பா, நீங்கள் என்னைப் பிடித்திருக்கிறீர்களாம்

என் அருமை அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அங்கேயும் நம் சொந்தக்காரர்கள் இருப்பார்கள்.

விஷயம் தெரியுமா? நீங்கள் பேயாக வந்து என்னைப் பிடித்திருக்கிறீர்கள். கண்டுபிடித்தவர் பெரியப்பா. நீங்கள் போனதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. பூண்டின் காய்ந்த தாளை, அதன் தண்டை, நறுக்க உட்கார்ந்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது. போதாததற்கு, உங்கள் ஸ்வெட்டரை எரிக்கக் கொடுக்காமல் ஒளித்துவைத்துப் போட்டுக்கொண்டேன்.

“தம்பிதான் வந்து உக்காந்திருக்கான். நாளைக்கு வெள்ளனே பேயோட்டக் கோடாங்கி வாராரு. வேப்பங்குழையால நாலு சாத்து சாத்துனா எறங்கிருவான்” என்கிறார் பெரியப்பா.

உயிரோடு இருந்தபோது அண்ணன் முன்னால் நாற்காலியில்கூட உட்காராதவர் நீங்கள். செத்த பிறகா இவ்வளவு தைரியம்?

நம் குளிரில் வேம்பு ஏது? வத்தலக்குண்டிலிருந்து வரவழைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிதான் அவருக்குத் தூரம்.

பெரியம்மா கண்டுபிடித்தது சோம்பேறித்தனம். வகுப்பு சார் கண்டுபிடித்தது செல்போன். என்னிடம் செல்போனே கிடையாது. ஒரே மலையில் எத்தனை மேதைகள்.

அறிவியல் டீச்சர் மட்டும் அம்மாவிடம் பேசினார். கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா சுற்றி வளைக்காமல், “சாகணும்னு தோணுதாம்மா?” என்று கேட்டார். சில நேரம் என்றேன். அவர் திட்டவில்லை. இது மனச்சோர்வு, பிள்ளைகளுக்கும் வரும், சரியாகும் என்றார். வாராவாரம் வந்து பேசச் சொன்னார். “இவளத் தனியா விடாதீங்க” என்று அம்மாவிடம் சொன்னார்.

அடுத்த முறை நாளைதான். “பைத்தியத்துக்கு வைத்தியம் பாத்தவள எவன் கட்டுவான்?” என்கிறார் பெரியப்பா. கோடாங்கியிடம் அடி வாங்கியவளுக்கு மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள் போல. அம்மா குனிந்த தலை நிமிரவில்லை.

பயமாக இருக்கிறது அப்பா. அடிக்குப் பயமில்லை. அடித்து முடித்ததும் சிரிக்கச் சொல்வார்கள். நானும் சிரித்துவிட்டால், சரியாகிவிட்டது என்று எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். பிறகு யாரிடம் சொல்வேன்?

ஒன்று மட்டும் சத்தியம். அந்த எண்ணம் வந்தால் அம்மாவை எழுப்பிச் சொல்வேன். இப்போதைக்கு உங்களிடம் வரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் பிடிக்காமலே உங்களை விடாத மகள்,
வேணி

கதவு தட்டுகிறது. அம்மா குரல்.

“ஏத்தா வேணி, முழிச்சிருக்கியா? சத்தம் போடாம எந்திரி. கேரட்டு வண்டி கெளம்புது, ஆஸ்பத்திரிகிட்ட எறக்கிவிடுறேன்னாக. அப்பா ஸ்வெட்டரப் போட்டுக்க, வெளிய குளிரு—”