கோவிந்தனின் முறைத் தண்ணீர்

12 மார்ச் 1983, சனி

எனக்கும் கோவிந்தனுக்கும் கூட்டுக் கிணறு. போன வாரம் அவர் முறையன்று அவர் அரூர் போயிருந்தார். மோட்டாரைப் போட்டு என் கரும்புக்குப் பாய்ச்சிவிட்டு, கரண்ட் வரவில்லை என்று அவரிடம் பொய் சொன்னேன். அவருடைய கத்தரி வாடிவிட்டது.

இன்று மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சாமியாரிடம் சொன்னேன். மன்னிப்புக் கொடுத்து, அருள் நிறைந்த மந்திரம் பத்து சொல்லச் சொன்னார். முழங்காலில் நின்று சொல்லி முடித்தேன். சாமியாருக்குக் கிணறும் இல்லை, கத்தரியும் இல்லை. அவரிடம் சொல்ல எனக்கென்ன கஷ்டம்?

திரும்பும்போது கிணற்றடியில் கோவிந்தன் நின்றிருந்தார். "நாளைக்கு உங்க முறைங்க. நீங்க கோயிலுக்குப் போயிட்டு வாங்க, உங்க கரும்புக்கு நான் தண்ணி கட்டறனுங்க" என்றார்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "கரண்ட் இருந்தா கட்டுங்க" என்று வந்தது.